அப்பா கண்ணாடியும் என் வேலையும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், குளிர் மட்டும் தான் இன்னும் பழகல, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா காது இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கணும். உடையாத லென்ஸுன்னு வாங்கியும் அப்பா கண்ணாடி மறுபடி கீறிடுச்சு, நீ அங்க என்ன தான்டா வேலை பாக்குறன்னு கேட்டிருந்தல்ல, ரெண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

அந்த லென்ஸ் பாலிகார்பனேட்டுங்கற கெட்டி பிளாஸ்டிக்கா இருக்கும். கீழ போட்டா உடையாது, ஆனா மேல இருக்குற கோட்டிங் தேஞ்சா துணியில ஒட்டியிருக்குற தூசியே கீறிடும். அக்ரிலிக்னு இன்னொரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அது அப்படியே தலைகீழ், லேசுல கீறாது, விழுந்தா படார்னு உடையும். கோட்டிங்கே இல்லாம சமாளிக்க ரெண்டையும் உருக்கி கலக்குறது தான் எங்க வேலை.

கேக்க ஈஸியா இருக்குல்ல? நான் போட்ட முதல் கலவை முத்து மாதிரி வெள்ளையா வந்துச்சுக்கா! ரெண்டும் தனித்தனியா பளிங்கு மாதிரி தான் இருக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு கரையாம குட்டிக் குட்டித் துளியா நிக்குது, ஒளிவிலகல் எண்ணும், அதாவது வெளிச்சத்த எவ்வளவு வளைக்கும்னு சொல்ற எண், ரெண்டுக்கும் வேற வேற, பாலிகார்பனேட்டுக்கு 1.58, அக்ரிலிக்குக்கு 1.49, அதனால வெளிச்சம் ஒவ்வொரு துளியிலயும் சிதறிப் போயிடுது. இன்னும் சூடு வெச்சா கலந்துடும்னு நானா 300 டிகிரி வரைக்கும் ஏத்திட்டேன், அக்ரிலிக் அவ்வளவு சூடு தாங்காம சிதைஞ்சு ஒரே குமிழி, மூக்கு எரியுற நாத்தம். சூப்பர்வைசர் பேசுறது எனக்கு பாதி தான் புரியும், அன்னிக்கு திட்டுனது மட்டும் முழுசா புரிஞ்சுது.

அப்புறம் சாதா அக்ரிலிக்க விட்டுட்டு, பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணு சேந்த வளையம்) சேத்து செஞ்ச வகைய, அதுவும் மூலக்கூறு சங்கிலி நீளம் கம்மியானதா எடுத்தோம். அது பாலிகார்பனேட்டோட ஒத்துப்போகும், ஒளிவிலகலும் பக்கத்துல வந்துடும். பாலிகார்பனேட்ட 120 டிகிரியில 4 மணி நேரம் காய வெச்சு தான் போட்டேன், ஈரம் இருந்தா பிளேட்ல வெள்ளி மாதிரி கோடு விழும். பிளேட் வெளிய வந்ததும் கீழ ஒரு பேப்பர வெச்சுப் பாத்தேன், எழுத்து அப்படியே தெரிஞ்சுது.

கீறல் டெஸ்டுக்கு மெஷின விட பென்சில் தான் பெருசு, 45 டிகிரி சாய்ச்சு 750 கிராம் எடையோட இழுக்கணும். வெறும் பாலிகார்பனேட்ல மெதுவான 2பி பென்சிலே தடம் போட்டுச்சு, எங்க கலவை அத விட கெட்டியான எச் பென்சில் வரைக்கும் தாங்குச்சு. அடி தாங்குறது தான் கொஞ்சம் கொறஞ்சுடுச்சு, இப்போ எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்னு தான் தினமும் மல்லுக்கட்டு.

அப்பாவ கண்ணாடிய தண்ணியில கழுவிட்டு துடைக்கச் சொல்லு, சட்டை நுனியால தேய்க்க விடாத. ஒரு துண்டு பிளேட் அனுப்புறேன், சாவியால கீறிப் பாத்து சொல்லு.

உன் தம்பி