சிங்கப்பூர்ச் சீன மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாரம்பரியச் சீன மருத்துவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கில் நீரிழிவுக்குப் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மாத்திரையும் உங்கள் மருந்தும் சேர்த்துச் சாப்பிடும் பெரியவர்கள் சீனர்கள் மட்டுமல்ல, தமிழர்களும் உண்டு. நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, தூக்கம் எப்படி, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று நிதானமாகக் கேட்கிறீர்கள். வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

உங்கள் மூலிகைகளை நான் குறைத்து எடைபோடவில்லை. ஹுவாங்லியன் கிழங்கிலுள்ள பெர்பெரின், நம்முடைய மரமஞ்சளிலும் இருப்பதுதான், சர்க்கரையைக் குறைக்கும். 2008-ல் வெளிவந்த ஷாங்காய் ஆய்வொன்றில், புதிதாக நீரிழிவு கண்டவர்களிடம் அது வழக்கமான நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்தது. 36 பேர், மூன்று மாதம், சிறிய ஆய்வுதான். ஆனால் வேலை செய்கிற மருந்து என்பதால்தான் எனக்குப் பயம். ஏற்கெனவே கிளிப்பிசைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை எவ்வளவு இறங்கும்?

சீனாவில் முறைப்படி பதிவாகி விற்கும் 'சியாவ்கே' உருண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலிகைகளோடு ஒவ்வொரு உருண்டையிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு என்ற மேற்கத்திய நீரிழிவு மருந்து இருக்கிறது. பத்து உருண்டை சாப்பிட்டால் 2.5 மில்லிகிராம், அதாவது வழக்கமான மாத்திரையில் பாதி. பெட்டியில் அச்சிட்டுத்தான் இருக்கிறது, சீனத்தில். சிங்கப்பூரில் சீன மருந்தோடு மேற்கத்திய மருந்தைக் கலந்து விற்கச் சட்டம் இடம் தராது. ஆனால் சீனாவுக்குப் போன உறவினர் பையில் வாங்கி வந்தால் யார் பார்ப்பது? நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பேச்சுக் குழறும், தடுமாறி விழுவார்கள். பக்கவாதம் என்றோ மறதிநோய் என்றோ வீட்டில் நினைத்துக்கொள்வோம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிபென்கிளமைடு உடலிலேயே தங்கி, சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும்.

2008-ன் முதல் ஐந்து மாதங்களில் இங்கே நடந்ததும் நினைவிருக்கும். நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அபாயமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தார்கள். காரணம், சட்டவிரோத ஆண்மை வீரிய மருந்துகளில் கலந்திருந்த கிளிபென்கிளமைடு. அதில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிட்டதை வாய்விட்டுச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவர் திட்டுவார் என்ற பயமும் கூச்சமும் நம் பெரியவர்களிடம் இன்றும் இருக்கிறது. உங்களிடம் பேச அவர்களுக்கு அந்தக் கூச்சம் குறைவு என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நாடி பிடிக்கும் முன்பே, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். அப்புறம், நீங்கள் கொடுக்கும் மூலிகைகளையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சீனப் பெயரோடு லத்தீன் தாவரப் பெயரும் இருக்கட்டும். பலதுறை மருந்தக மருந்தாளர் அதை வைத்துப் பார்த்துக்கொள்வார். எல்லோருக்கும் உடனே முடியாது என்றால், எழுபது தாண்டியவர்களுக்கு மட்டுமாவது இந்த மாதமே தொடங்குங்கள்.

அன்புடன்,
வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்,
ஈசூன்