கல் வீட்டுக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியின் பழைய கல் வீடுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. பிரெஞ்சுக்காரர்கள் கட்டினார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள், சரி, கட்டச் சொன்னது அவர்கள்தான், ஆனால் கல்லைச் செதுக்கியது யார், சுண்ணாம்பு அரைத்தது யார் என்று ஒரு வரிகூட இல்லையே? 1735-இல் லாபுர்தொனே ஆளுநராக வந்த பிறகு புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறி வந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவந்த அடிமைகள் அவர்களோடு பாடுபட்டார்கள். நம் ஊர் மொட்டை மாடி போல, சுண்ணாம்பும் செங்கல் துண்டும் கலந்து இடித்து இடித்துப் போட்ட தட்டைக் கூரையை இங்கே ஆர்கமாஸ் என்பார்கள். அது அந்தக் கொத்தனார்கள் கொண்டுவந்த வேலை.

எனக்கு உண்மையில் கவலை வேறு. இந்த வீடுகளில் கீழ்த்தளம் கனமான கருங்கல், எரிமலைத் தீவு என்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை, மேலே பல வீடுகளில் மரத்தளம், அதில் பலகைக் கதவு வைத்த சன்னல்கள். 1816 தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது, அதன் பிறகு கல்லுக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை. கல்லுக்கு நடுவே இருப்பது பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. கருங்கல் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, சுவருக்குள் போகும் ஈரம் இந்தச் சுண்ணாம்பு இணைப்பு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். இப்போது "சரிசெய்கிறோம்" என்று அந்த இணைப்பில் சிமெண்டை அடைக்கிறார்கள், சில இடங்களில் சுவர் முழுக்கப் பூசி பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள். ஈரம் உள்ளேயே தேங்கி, உப்புப் பூத்து, சுவரில் செருகிய உத்திரங்களின் நுனி உளுத்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும்! எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இதுதான் நடந்தது, பூச்சு வாங்கிய மூன்றே மழைக்காலத்தில் மாடி உத்திரம் தொங்கிவிட்டது.

2003-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டம் பாதுகாப்பு தருவது பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் கட்டடங்களுக்குத்தான். பட்டியலில் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார், பக்கத்தில் கிடைக்கும் மேஸ்திரியைக் கூப்பிடுவார், மேஸ்திரிக்குத் தெரிந்தது சிமெண்ட்தான். அவர்மேலும் தப்பில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர்கள் இன்னும் யாராவது இருந்தால் அவர்களைத் தேடிப் பிடித்து, கலவை எப்படி, எத்தனை நாள் ஊறவேண்டும் என்பதை உங்கள் பத்திரிகையில் போடுங்கள். முகப்புப் படங்கள் அப்புறம் போடலாம்.

இப்படிக்கு,
போர்ட் லூயி வாசகர்