பத்துக்குப் பத்து போட்டேன், மீதியை இங்கே எழுதுகிறேன்

சிங்கப்பூரிலிருந்து பழைய உல்லாசக் கப்பல்களை ஓட்டும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

பயணத்தின் கடைசி நாள் காலையில் அறைக் கதவின் கீழே ஒரு கருத்துப் படிவம் கிடந்தது. அறை எப்படி, குளியலறை எப்படி, சேவை எப்படி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் பத்து போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினேன். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட தம்பி முந்தின நாள் இரவு தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்: "ரூமுக்கு மார்க் குறைஞ்சா எங்க பேர்லதாம்மா விழும்." தூத்துக்குடிக்காரர். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏழாவது மாதம். அவருக்கு நான் போட்ட பத்தில் பொய் எதுவும் இல்லை. உங்களுக்கு மதிப்பெண் போடத்தான் அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதனால் இந்த மடல்.

கப்பலின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்தத் தம்பி யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். அதோடு, நான் சொல்லப்போவது ஒரு கப்பலுக்கு மட்டும் பொருந்துகிற விஷயமும் இல்லை.

என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் 31 ஆண்டு குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். எத்தனையோ கப்பல்களின் வயிற்றுக்குள் படுத்து எழுந்தவர். ஆனால் பழுதுபார்க்க டாக்கில் நிற்கும் கப்பல்தான் அவருக்குப் பழக்கம். பயணியாக ஒரு நாள்கூட ஏறியதில்லை. நான் ஓய்வுபெற்ற தாதி. இருவருக்கும் நேரம் வந்த பிறகு, பிள்ளைகள் "போய்ட்டு வாங்க" என்று தள்ளிவிட, மூன்று இரவு, நான்கு நாள் பயணத்துக்குப் பதிவு செய்தோம். பினாங்கு, போர்ட் கிள்ளான், திரும்பவும் சிங்கப்பூர். நான்காம் தளத்தில் சன்னல் வைத்த அறை.

மெரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி முனையத்துக்குள் போனதிலிருந்து கப்பலில் ஏறியது வரை ஒரு குறையும் இல்லை. ஏறியதும் எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். இவர் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் தொங்கிய பித்தளை மணியிடம் போய் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கப்பலின் முதல் பெயரும் கட்டிய ஆண்டும் அதில் பொறித்திருந்தது. 1990-களில் ஓர் ஆண்டு. "ஓ, நம்ம பெரியவன் வயசு" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. உங்கள் விளம்பரத்தில், பதிவுப் பக்கத்தில், பயணச்சீட்டில், எங்கேயும் அந்த ஆண்டு இல்லை. "அழகுறப் புதுப்பிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. படங்களில் பார்த்த அறைக்கும் எங்கள் அறைக்கும் கட்டிலின் எண்ணிக்கை தவிர ஒற்றுமை ஏதும் இல்லை.

பழைய கப்பல் என்பதால் நான் முகம் சுளிக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். என் அப்பா 1953-ல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர். ராஜுலா 1926-ல் கட்டியது. அப்பா ஏறும்போது அதற்கு வயது 27. உங்கள் கப்பலுக்கும் ஏறத்தாழ அதே வயது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டு அது இந்தக் கடலில் ஆட்களை ஏற்றி இறக்கியது. அப்பா டெக் பயணி, அதாவது அறை இல்லாமல் தளத்திலேயே படுத்து வந்தவர். பாயும் தகரப் பெட்டியும் அவர் சொத்து. பினாங்கு, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த போர்ட் கிள்ளான், அப்புறம் சிங்கப்பூர். இங்கே வந்ததும் செயின்ட் ஜான்ஸ் தீவில் சில நாள் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்களாம். உங்கள் கப்பல் முனையத்தை விட்டு நகர்ந்து அந்தத் தீவைத் தாண்டியபோது நான் மேல்தளத்தில் நின்று பார்த்தேன். மரங்களும் கொஞ்சம் மணலும்தான் தெரிந்தன. அப்பா வந்த வழியில் அவர் மகள் திரும்பிப் போகிறாள். அந்த மாலை ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

சரி, குறைக்கு வருகிறேன்.

குளியலறைக் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். இவர் உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நாணயத்தால் தரையில் இருந்த சல்லடை மூடியை நெம்பி எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். "டிராப் காஞ்சு கெடக்கு" என்றார். தண்ணீர் போகும் குழாய் கீழே வளைந்து போகுமாம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கீழிருந்து வரும் வாடையைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அறை சில நாள் காலியாகக் கிடந்தால் அது வற்றிவிடும். இரண்டு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். மூடியைப் போட்டார். கால் மணி நேரத்தில் வாடை போய்விட்டது. பிறகு நான்கு நாளும் தலைகாட்டவில்லை.

இரண்டு டம்ளர் தண்ணீர். இதற்குக் கப்பலின் வயதைக் குற்றம் சொல்ல முடியுமா? காலியாகக் கிடந்த அறைகளில் ஆள் ஏறும் முன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அறை சுத்தம் செய்யும் தம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த நாள் காலை, தன் பொறுப்பில் இருந்த மற்ற அறைகளிலும் ஊற்றிவிட்டதாக அந்தத் தம்பியே வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டாம் இரவு, மணி இரண்டு இருக்கும், என் தலையணையில் சொட்டு விழுந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் குளிர்சாதனக் காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் கூரை ஈரமாக இருந்தது. அதே இடத்தில் மஞ்சள் கறை, வட்டத்துக்குள் வட்டமாக மூன்று. ஒவ்வொரு தடவையும் நனைந்து காய்ந்த தடம். புண்ணைப் பார்த்ததும் அது எத்தனை நாள் ஆனது என்று கண்டுபிடிக்கும் தொழில் என்னுடையது. அந்தக் கறை அன்றைக்கு வந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த அறையை விற்றிருக்கிறீர்கள்.

வரவேற்பில் கேட்டோம். வேறு அறை இல்லை என்றார்கள். கப்பலில் உள்ள கடைகளில் செலவழிக்க ஐம்பது வெள்ளிக்கு ஒரு பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் விற்கும் கடைகள். இரண்டரை மணிக்கு அந்தத் தம்பி வாளியும் துண்டுகளுமாக வந்தார். அவர் வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டிலை நகர்த்தினார், விரிப்பை மாற்றினார், வாளியை வைத்து, சத்தம் கேட்காமல் இருக்க அதற்குள் ஒரு துண்டை மடித்துப் போட்டார். "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க சார்" என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பார். அவர் என்ன தப்பு செய்தார்? கூரைக்குள் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. அதைத் திறந்து சுத்தம் செய்ய நேரமும் ஆளும் கொடுக்க வேண்டியவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்பது மட்டும் அவருடைய வேலை என்றாகிவிட்டது. அன்றிரவு நான் தூங்காததற்குத் தண்ணீர் காரணமில்லை.

மின்தூக்கி பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கம் மூன்றில் இரண்டு வேலை செய்யவில்லை. முதல் நாள் ஒட்டிய அட்டை கடைசி நாளும் அப்படியே இருந்தது. எனக்கு வலது மூட்டு மாற்று அறுவை செய்து இரண்டு ஆண்டாகிறது. சமாளித்துக்கொண்டேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு சீனப் பாட்டியும் அவர் மகனும் நிரம்பி வரும் ஒற்றை மின்தூக்கிக்காகக் காத்து நின்றதை ஒவ்வொரு வேளையும் பார்த்தேன். முனையத்தில் பதிவு மேசையிலேயே "முன்பக்கம் மின்தூக்கி குறைவு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் நடுப்பக்கம் அறை கேட்டிருப்பார்கள்.

சொல்லாமல் விட்டதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொன்று. கப்பல் கிளம்பும் முன் அவசரகாலப் பயிற்சி நடந்தது. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் சாய்ந்த பிறகு வந்த விதி அது. பயிற்சி முடிந்துதான் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கிளம்பியவுடன் நடத்த வேண்டும். 2015-லிருந்து உலகம் முழுக்க அப்படித்தான். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டோம். எந்தப் பக்கம் போக வேண்டும், மிதவை அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் விளக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் ஈசூனிலிருந்து வந்த ஓர் அம்மா, எழுபத்தைந்து வயதிருக்கும், அங்கியின் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னம்மா சொல்றாங்க?" என்றார். நான் சொன்னேன். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன். நான் அங்கே நிற்காவிட்டால்? எம்ஆர்டி நிலையத்தில் நடைமேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்புகூடத் தமிழில் வருகிறது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கிருந்து கிளம்பும் கப்பலில், உயிர் காக்கும் விஷயத்தைத் தமிழிலும் மலாயிலும் பதிவு செய்து ஒலிக்க விடுவதில் என்ன சிரமம்? உங்கள் கப்பலிலேயே தமிழ் பேசும் ஊழியர்கள் எத்தனையோ பேர். ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னால் பத்து நிமிட வேலை.

சாப்பாட்டில் குறை இல்லை. இந்திய உணவுப் பகுதியில் ரசம் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை சைவம் என்றதும் தனியாகச் செய்து கொடுத்தார்கள். பினாங்கில் இறங்கி, குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தோம்.

ஆனால் உங்களிடம் இருக்கும் நல்லதை நீங்களே அறிந்து வைத்திருக்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகம். உங்கள் விளம்பரத்தில் சறுக்கு விளையாட்டு உண்டு, சூதாட்டக்கூடம் உண்டு. அந்த மரத்தளம் இல்லையே! கப்பலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். மேலே கூரை, ஒரு பக்கம் சாய்வு நாற்காலிகள், மறு பக்கம் கம்பியும் கடலும். புதிய பெரிய கப்பல்கள் பலவற்றில் இப்படி முழுச்சுற்று நடைதளம் கிடையாது. அந்த இடத்தை அறைகளும் பால்கனிகளும் எடுத்துக்கொண்டன.

இரண்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு அங்கே போனோம். ஊழியர்கள் தளத்தைக் கழுவி முடித்திருந்தார்கள். மரம் ஈரமாக, கறுத்துப் போயிருந்தது. வலது பக்கம் மலேசியக் கரை கோடாகத் தெரிந்தது. மலாக்கா நீரிணையில் கப்பல்கள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன. இவர் ஒவ்வொன்றாகக் காட்டி, இது எண்ணெய்க் கப்பல், இது கார் ஏற்றுவது, இது கொள்கலன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அடுக்கடுக்காய்ப் பெயிண்ட் அடித்து அடித்துக் கம்பியே தடித்துவிட்டது. "இதுல எத்தனை பேர் கை பட்டிருக்கும்" என்றார். அப்புறம் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் அதிர்வு கம்பி வழியாக வருமாம். "நல்லா ஓடுது. அடியில யாரோ ஒழுங்கா வேலை பாக்குறான்." முப்பத்தொரு ஆண்டில் ஓடும் கப்பலில் அவர் கை வைத்தது அன்றைக்குத்தான். அவர் முகத்தை அப்படி நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் எனக்குச் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன், பழைய கப்பல் என்றால் ஆபத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயணிகள் கப்பலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஓராண்டுக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் சோதித்துத்தான் புதுப்பிப்பார்கள். அடிப்பாகத்தை ஐந்தாண்டில் இரு தடவையாவது டாக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எரியக்கூடிய பொருள்களைக் கொண்டு கட்டிய பழைய பயணிகள் கப்பல்கள் 2010 அக்டோபரிலிருந்து அனைத்துலகப் பயணம் போக முடியாது. இத்தனையும் தாண்டி ஓடுகிற கப்பல் உங்களுடையது. பிறகு ஏன் வயதை மறைக்கிறீர்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான். பதிவுப் பக்கத்தில் கட்டிய ஆண்டையும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டையும் போடுங்கள். எந்தத் தளத்து அறைகளைப் புதுப்பித்தீர்கள், எவற்றைப் புதுப்பிக்கவில்லை என்று சொல்லி, விலையை அதற்கேற்ப வையுங்கள். எங்கள் அறை புதுப்பிக்காதது என்று தெரிந்தும் நாங்கள் எடுத்திருப்போம். அந்த மரத்தளத்துக்காக எடுத்திருப்போம். மின்தூக்கி ஓடவில்லையென்றால் ஏறும் முன் சொல்லுங்கள். ஒழுகும் அறையைச் சரிசெய்யும்வரை விற்காதீர்கள். பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழிலும் கொடுங்கள். கருத்துப் படிவத்தை இரண்டாகப் பிரியுங்கள். அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு ஒன்று, அறையைக் கொடுத்த உங்களுக்கு ஒன்று.

வரும் டிசம்பரில் மறுபடி போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அதே கப்பல்தான் வேண்டுமாம். பதிவு செய்வதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது: நான்காம் தளம், முன்பக்கம், இடது புறம், கடைசியிலிருந்து மூன்றாவது அறை. அந்தக் கூரையைத் திறந்து பார்த்துவிட்டீர்களா?

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்