தங்கப்பல் மேரியையும் சொல்லுங்கள்

சிகாகோவில் பழைய ரவுடிகளின் கதை சொல்லி நடைச்சுற்றுலா கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். போன கோடையில் உங்களில் ஒருவர் பின்னால் நானும் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். ஸ்டேட் தெருவில், ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தின் பக்கம் நிறுத்தி, "இந்த வட்டாரத்துக்கு ஒருகாலத்தில் விஸ்கி ரோ என்று பெயர். மிக்கி ஃபின்னின் சலூன் இங்கேதான்" என்றார். அங்கே சலூன் என்றால் மதுக்கடை, எங்கள் ஊரில் முடிவெட்டும் கடை. ஒரு நொடி எனக்குச் சுழல் நாற்காலியும் கத்தரிச் சத்தமும்தான் ஞாபகம் வந்தன. இந்த ஆள் கைவைத்தது முடியில் இல்லை, மடியில் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கதையை முடிக்கும்போது வழிகாட்டி தன் தண்ணீர் பாட்டிலை உயர்த்தி, "யாருக்காவது ஒரு மிக்கி ஃபின்?" என்று கண்ணடித்தார். மயக்க மருந்து கலந்த பானம் வேண்டுமா என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அறைக்குப் போய்ப் படித்தபோது அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஃபின் 1896 வாக்கில் லோன் ஸ்டார் மதுக்கடையைத் திறந்தான். குடிக்க வருபவனின் கோப்பையில் மருந்தைக் கலப்பது, மயங்கியவனைப் பின்னறைக்கு இழுத்துப்போய்ச் சட்டைப்பையைத் துழாவுவது, பிறகு சந்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது. இதுதான் அங்கே நடந்த வியாபாரம் என்று குற்றச்சாட்டு. மருந்து குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்தாக இருக்கலாம் என்பார்கள். கடை இருந்த முதல் வார்டு, ஊழலுக்குப் பேர்போன 'ஹிங்கி டிங்க்' கென்னா, 'பாத்ஹவுஸ்' காஃப்லின் என்ற இரண்டு கவுன்சிலர்களின் கைக்குள் இருந்த காலம். கடை இத்தனை வருஷம் எப்படி ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1903-இல் நகராட்சி ஊழலை விசாரித்த குழுவின் முன்னால் இரண்டு பெண்கள் வந்து பேசினார்கள். இருவரும் அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவர்கள்: 'தங்கப்பல்' மேரி தார்ன்டன், இசபெல் ஃபைஃப். ஒரு ரயில்வே தொழிலாளியிடமிருந்து ஃபின் தங்கக் கடிகாரத்தையும் 35 டாலரையும் எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாக மேரி சொன்னாள் என்று பதிவாகியிருக்கிறது. பேசிவிட்டு அதே தெருவுக்குத்தானே அவள் திரும்ப வேண்டும்? அந்த டிசம்பரிலேயே கடையின் உரிமம் பறிபோனது.

மிச்சக் கதையில் எனக்குக் கோபம்தான். அவன் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. மருந்து கலந்த பானத்துக்கே 'மிக்கி ஃபின்' என்று பெயர். 1918-இல் உங்கள் ஊரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டல் பணியாளர்களைப் போலீஸ் பிடித்தது. டிப்ஸ் சரியாக வைக்காத வாடிக்கையாளரின் சாப்பாட்டில் 'மிக்கி ஃபின் பொடி' தூவினார்களாம். சோதித்தால் ஆன்டிமனி உப்பு, வாந்தியில் ஆரம்பித்து உயிரையே வாங்கக்கூடிய சரக்கு. தங்கப்பல் மேரியோ உங்கள் நடையில் ஒரு வாக்கியத்துக்குக்கூட வரவில்லை.

எங்கள் பக்கம் ரயிலில் தெரியாதவர் நீட்டும் பிஸ்கட்டை வாங்காதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்புவோம். மயக்க பிஸ்கட் தின்று நகையைப் பறிகொடுத்தவர்கள் பற்றி ஊருக்கு ஊர் பேச்சு உண்டு. யாரும் அதை வைத்து ஜோக் அடிப்பதில்லை. உங்களிடம் மட்டும் அது எப்படி ஜோக் ஆயிற்று? நூறு வருஷம் ஆகிவிட்டதாலா?

ஃபின்னை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. அவன் இல்லாமல் அந்தத் தெருவின் கதை சப்பென்றுதான் இருக்கும். மேரி சாட்சி சொன்ன இடத்திலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். கடைக்குள் நடந்தது பார்த்தவளின் வாயாலேயே வரும், அவனும் தானாக வருவான். கூடுதலாக இரண்டு நிமிடம் பிடிக்கலாம். பாட்டிலைத் தூக்கிக் காட்டும் நேரம் மிச்சமாகும் இல்லையா, அதில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களோடு நடந்து, அன்று சேர்ந்து சிரித்த ஒருவன்