சிவப்பு மட்கார்டு வரைந்து தந்த பெரியவருக்கு நன்றி

பிளிமத் நண்பர்களுக்கும் கீஹாம் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். இங்கிலாந்தில் நம் பிளிமத் நகரின் கீஹாம் பகுதியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிகுண்டு ஒன்று கிடைத்து, நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போன்களும் அதே நேரத்தில்தான் அலறின. கதவைத் தட்டிக் கிளப்பிய போலீஸ்காரர்கள், ராத்திரி தங்க இடம் கொடுத்த அண்ணன், அண்ணி, புளியோதரை கட்டிக் கொடுத்த தோழிகள், எனக்காக டியூட்டி மாற்றிக்கொண்ட வார்டு நர்ஸ்கள், குண்டோடு ஒரே வண்டியில் போன ராணுவத்தினர், கடற்படையினர், எல்லாருக்கும் நன்றி. உங்களை ஒரே வரியில் அடக்கிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டை விட்டு வந்தவர்களைத் தங்கவைத்த லைஃப் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது போனில் அந்த எச்சரிக்கை அலறியதும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர், அவரும் எங்களைப் போல வீட்டை விட்டு வந்தவர்தான். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டு பால்பாயிண்ட் பேனாவால் லாரி வரைய ஆரம்பித்தார். சக்கரம், முகப்பு விளக்கு, கண்ணாடிக்கு மேல் ஒரு பலகை. "சிவப்பு வேணுமே" என்றார். யாரிடமும் இல்லை. பதிவு மேஜையில் இருந்த பெண் கைப்பையைத் துழாவி லிப்ஸ்டிக்கை நீட்டினார். அதை வைத்து முன் மட்கார்டு இரண்டையும் பூசினார் பெரியவர். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

பெரியவருடைய அப்பா வெடிகுண்டு அகற்றும் பிரிவில் டிரைவராம். இவரும் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படையான ராயல் எஞ்சினியர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். போர்க்காலத்தில் ஊரே இருட்டடிப்பு, ஊர்ப் பெயர்ப் பலகைகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள், ராணுவ வண்டிகளுக்கெல்லாம் மண் நிறம், பச்சை நிறம். எல்லாம் ஒளிந்துகொண்ட காலத்தில், குண்டு அகற்றும் இந்த வண்டி மட்டும் பார்வையில் பட்டாக வேண்டும். மட்கார்டு சிவப்பாக இருந்தால் போலீஸ் மறிக்காமல் வழிவிடும். சில குண்டுகளுக்குள் கடிகாரம் ஓடும், 72 மணி நேரம் வரைகூட. அது முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமே. டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பார்களாம். "அம்மாகிட்ட இருக்கே, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே மகள் வெளியே வந்துவிட்டாள்.

1940 செப்டம்பரில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் அருகே மண்ணில் புதைந்த குண்டைத் தோண்டியெடுத்து, லெப்டினன்ட் டேவிஸ் தானே லாரியை ஹாக்னி சதுப்பு நிலத்துக்கு ஓட்டிப் போன கதையையும் சொன்னார். டேவிஸுக்கும் அவரோடு தோண்டிய வைலிக்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. அப்புறம் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனைத் தெரியுமா? அவருக்கும் அதே பதக்கம்தான். நாளையோடு 80 வருஷம்."

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப் போகும் வெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியவர். நம்மூர்க்காரரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. சரி, இப்போதாவது தெரிந்ததே. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் எஞ்சினியர் குழு பெங்களூரில் இருக்கும் இடத்துக்கு மகளைக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்த நெரிசலில் பெரியவர் பெயர் சொல்லாமலே கிளம்பிவிட்டார். கைத்தடி, சாம்பல் நிறத் தொப்பி, கூடவே ஒரு வயதான பழுப்பு நாய். உங்கள் தெருவில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். லிப்ஸ்டிக் கொடுத்த பெண்ணையும்தான்; அது முக்கால்வாசி தீர்ந்துபோனது, புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.