மடுவில் கயிறு கட்டி இடம் பிடிக்கும் எங்கள் சனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் மடு மாதா கோயிலின் ஆவணி (ஓகஸ்ட்) திருவிழாவுக்கு மடுவில் கூடாரம் அடிக்கும் எல்லோருக்கும்,

"மடு மாதாவின் பிள்ளைகளே" என்று தொடங்கினால் பிரசங்கம் என்று நினைத்து மற்றப் பக்கம் திரும்பிவிடுவீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கயிறு பற்றித்தான் எழுதுகிறேன். கடைகளில் முழக்கணக்கில் விற்கிறார்களே, அந்த நீல நைலோன் கயிறு.

2024 ஆவணியில், திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் போல் மடுவில் போய் இறங்கினோம். அம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள், கனடாவிலிருந்து வந்த தம்பி குடும்பம். வானிலிருந்து சாமான் இறக்கும் முன்னம் நானும் தம்பியும் இடம் பார்க்கப் போனோம். ஒரு நல்ல நிழல் தெரிந்தது. கிட்டப் போனால் நான்கு பாலைமரங்களைச் சுற்றிக் கயிறு. உள்ளே ஒரு குருவி கூட இல்லை. ஒரு பொலித்தீன் பைக்குள் கடதாசி வைத்து ஊர்ப் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்; சொன்னால் அடுத்த திருநாளில் நான் முழிக்க வேண்டி வரும். அடுத்த நிழலுக்குப் போனோம், அங்கேயும் கயிறு. அதற்கடுத்ததில் கயிற்றோடு இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் காவலுக்கு இருந்தன.

கோயிலைச் சுற்றி ஒரு மணித்தியாலம் நடந்தோம். சனத்தை விடக் கயிறுதான் அதிகம்.

நாங்கள் மடுவுக்குப் புதிய ஆட்கள் இல்லை. ஆனால் இரவு தங்கி இருபத்தைந்து வருடமாகிறது. வவுனியாவில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது வெட்கம்தான். வவுனியாவிலிருந்து மடு ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை. பூசைக்குப் போவோம், மெழுகுதிரி கொளுத்துவோம், பொழுதுபடும் முன் பஸ் ஏறிவிடுவோம். தங்குவதற்கு அம்மா விட்டதில்லை. "அகதியாய்க் கிடந்த மண்ணிலை இனிப் போய் ஆசைக்குக் கிடக்கிறதோ?" என்பார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

அதற்கு முந்திய மடு வேறு. எங்கள் ஊர் அடம்பன் பக்கம். எண்பதுகளில் ஆடி (ஜூலை) திருவிழா வருகிறதென்றால் ஒரு கிழமைக்கு முன்னமே வீடு தலைகீழாகிவிடும். அப்பா உழவு இயந்திரப் பெட்டிக்கு வைக்கோல் பரப்புவார். அதற்கு மேல் படங்கு, கிடுகு, அரிசிச் சாக்கு, கருவாட்டு ஓலைப்பெட்டி, இவற்றுக்கு மேல் நாங்கள். ஒன்பது நாள் நவநாளும் அங்கேதான். பாலைப்பழக் காலம், அந்தப் பால் ஒட்டி உதடு இரண்டும் பிசினாகிப்போக, அதோடேயே செபமாலை சொல்லுவோம். குரங்குகளுக்குப் பூசை நேரம் நன்றாகத் தெரியும். சனம் முழந்தாளில் நிற்கும்போதுதான் வந்து சோற்றுப் பானையைத் திறக்கும். அம்மம்மா வீடு திரும்பும் நாளில் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். பாம்புக் கடிக்கு மடு மண் என்று எங்கள் வீட்டுச் சாமியறையில் ஒரு சிமிழ் எப்போதும் இருக்கும். வயலில் புடையன் கண்டால் அப்பாவுக்கு முதல் நினைவு வருவது அந்தச் சிமிழ்தான், இரண்டாவதுதான் பொல்லு.

அந்தக் காலத்திலும் இடத்துக்குப் போட்டி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தெல்லாம் ரயிலில் மடு வீதி வரை வந்து, பிறகு காட்டு வழியே வருவார்கள். எங்கள் மரம் என்று நாங்கள் நினைத்திருந்த மரத்தடியில் முந்தியே ஒரு சிங்களக் குடும்பம் இறங்கியிருக்கும். அம்மம்மா இரண்டு வார்த்தை முணுமுணுப்பார். பின்னேரம் பார்த்தால் அவர்களிடமிருந்து தொதல் வாங்கித் தின்றுகொண்டிருப்பார். ஆனால் அவர்கள் அங்கே இருந்தார்கள். ஆளாய், அடுப்பாய், அழுகிற பிள்ளையாய் இருந்தார்கள். ஆளில்லாத இடத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாடியதில்லை.

பிறகு 1990 ஆனி வந்தது.

போர் திரும்பத் தொடங்கியதும் மன்னார்ச் சனம் மடுவை நோக்கித்தான் நடந்தது. எனக்குப் பதினொரு வயது. அதே பெட்டியில்தான் போனோம், கிடுகும் கருவாடும் இல்லாமல். பொழுதுபட்ட பிறகுதான் போய்ச் சேர முடிந்தது. பாட்டும் மணியும் கேட்டுப் பழகிய வளவில் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. கால் வைக்க இடமில்லை. அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் மரமாய்ப் போனார். ஓரிடத்தில் ஒரு மனிதர் நான்கு தடி நட்டு, மனைவியின் சேலையை மேலே கட்டி, அதற்குக் கீழே ஐந்து பேரோடு இருந்தார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் எழும்பி, ஒரு தடியைப் பிடுங்கி, இரண்டு முழம் உள்ளே தள்ளி நட்டார். சேலை தொய்ந்து அவருடைய தலையில் முட்டியது. "இருங்கோ" என்றார்.

அந்த இரண்டு முழத்தில் நாங்கள் ஆறு பேரும் மூன்று கிழமை இருந்தோம். பிறகு அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் அங்கே நிவாரண நிலையம் திறந்தது, தறப்பாள் வந்தது, கொட்டில் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. ஒரு மாதம் என்று போனவர்கள் ஒன்பது வருடம் இருந்தோம். அதே மரங்கள், அதே கிணறுகள். அடுப்புக் கல்லும் பழைய இடத்தில்தான். ஆனால் ஒன்பது நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்து அடிக்கிற கூடாரமும், எப்போது போவோம் என்று தெரியாமல் அடிக்கிற கூடாரமும் ஒன்றல்ல. அம்மா ஏன் இரவு தங்க விடவில்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. 1999 கார்த்திகையில், நவம்பர் 20 இரவு, கோயிலுக்குள் அடைக்கலம் தேடியிருந்த சனத்துக்கு மேல் எறிகணை விழுந்தது. செத்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். நாங்கள் அதற்கு முந்திய மாசியிலேயே வவுனியாவுக்கு வந்துவிட்டோம். செத்தவர்களில் சிலரை எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

சரி, கயிற்றுக்கு வருகிறேன்.

தம்பிக்கு 2024 ஆடிக்கு லீவு கிடைக்கவில்லை. மாதாவுக்கு முடிசூட்டி நூறு வருடம், 1924 ஆடி 2-இல் சூட்டியது, அதற்கு வர வேண்டும் என்று துடித்தான். கடைசியில் ஆவணிக்குத்தான் வர முடிந்தது. வந்தவன் அம்மாவின் காலடியில் இருந்து, ஒரே ஒரு முறை தங்குவோம் என்று கெஞ்சினான். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "தறப்பாள் வேண்டாம், வேறை என்னவாவது கொண்டு வா" என்றார். தம்பி கனடாவிலிருந்து கொண்டுவந்த கூடாரம் பச்சை நிறம். நல்லகாலம், அந்த அகதித் தறப்பாள் நிறமில்லை.

அவன் அங்கே பிள்ளைகளோடு கூடாரம் அடித்துப் பழகியவன். ஒருமுறை புளோரிடாவில் டிஸ்னி உல்லாசப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிற ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற முகாம் காட்டுக்குப் போயிருக்கிறான். 1971-இல் திறந்தது, பூங்கா திறந்த அதே வருடம். நூற்றுக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், தண்ணீர்க் குழாய், மின்சாரம். இரவில் நெருப்பைச் சுற்றி இருந்து பாட்டு; அணில் வேசம் போட்ட இரண்டு பேர் வந்து பிள்ளைகளோடு ஆடுவார்களாம். மடுவில் இறங்கியதும் அவனுடைய சின்ன மகள் கேட்டாள்: "மாமி, எங்கட இடத்துக்கு என்ன நம்பர்?" எல்லோரும் சிரித்தோம். ஒரு மணித்தியாலம் சுற்றிய பிறகு சிரிப்பு வரவில்லை. தம்பிதான் சொன்னான்: "அங்கை காசு கட்டினவனுக்கு இடம் அக்கா. இங்கை கயிறு கட்டினவனுக்கு."

மடுவில் இலக்கப் பலகை நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நட்டால் அடுத்த வருடம் அதையும் யாராவது விற்பார்கள்.

எங்களுக்குக் கடைசியில் காட்டோரமாய் ஒரு இடம் கிடைத்தது. வெயில், தூசி, தண்ணீர் பவுசருக்கு நல்ல தூரம். பரவாயில்லை, இடம் தாராளம். இனி எழுதப் போவதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

மறுநாள் விடிய வவுனியாவிலிருந்து சித்தி குடும்பம் வருவதாக இருந்தது. அவர்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா? தம்பி கூடாரப் பையிலிருந்து மிச்சக் கயிற்றை எடுத்தான். நான் ஒரு நுனியைப் பிடித்தேன். பக்கத்து இரண்டு மரத்தையும் எங்கள் வானையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினோம். மத்தியானம் முழுதும் மற்றவர்களைத் திட்டிக்கொண்டு நடந்த அதே இரண்டு பேர்.

இரவு எட்டரை மணி இருக்கும். ஒரு முச்சக்கர வண்டி மெல்ல வந்து நின்றது. ஒரு இளம் தகப்பன், தாய், கையில் ஒரு குழந்தை, ஒரு கிழவி. அந்தப் பெடியன் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, இது ஆருக்கு?"

"ஆக்கள் வாறாங்கள் தம்பி" என்றேன்.

அவன் சண்டை பிடிக்கவில்லை. "சரி அக்கா" என்று வண்டியைத் திருப்பினான். சண்டை பிடித்திருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அம்மா கூடார வாசலில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பாயைச் சுருட்டிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு போய், கயிற்றுக்குள்ளே அந்த வெறும் நிலத்தில் தனியே விரித்துப் படுத்தார். எழுபத்துநாலு வயது. கூப்பிட்டேன், வரவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு அந்த வண்டியைத் தேடிப் போனேன். மடுவில் திருநாள் காலத்தில் எத்தனை சிவப்பு முச்சக்கர வண்டி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சித்தி வரவில்லை. பேத்திக்குக் காய்ச்சலாம், விடிய ஐந்து மணிக்குத்தான் போன் வந்தது. அந்த இடம் இரவு முழுதும் அம்மாவைத் தவிர ஆளில்லாமல் கிடந்தது. காலையில் பவுசர் வரிசையில் அந்தத் தாயைக் கண்டேன். வண்டிக்குள் இருந்தபடியே விடிந்ததாம். குழந்தையின் முகமெல்லாம் நுளம்புக் கடி. வந்து எங்களோடு இருங்கள் என்றேன். "இல்லையக்கா, இப்ப ஒரு இடம் கிடைச்சிட்டுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனவே மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. கயிறு கட்டியவளாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் வருகிறீர்கள், கிழவர்கள், சுகமில்லாதவர்கள், ஒன்றாய் இருக்க வேண்டும். விடுதி அறைகள் எப்போதோ முடிந்துவிடும். முதல் நாளே இரண்டு பேர் வந்து இடம் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் அங்கே இருக்கட்டும். பாயைப் போட்டுப் படுக்கட்டும், அடுப்பை மூட்டட்டும். யாராவது வந்து கேட்டால், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கயிற்றிடம் யார் போய்க் கேட்பது? இருட்டிய பிறகும் ஆள் வராவிட்டால் அன்றிரவுக்கு அவிழ்த்துவிடுங்கள். காலையில் வருகிறவர் காலையில் பார்த்துக்கொள்ளட்டும்.

நிர்வாகத்துக்கு எழுது என்று சிலர் சொன்னார்கள். இலட்சக்கணக்கில் சனம் கூடுகிற இடத்தில் தண்ணீர், மலசலகூடம், வாகன நெரிசல் என்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒவ்வொரு மரமாய்ப் போய் முடிச்சு அவிழ்க்க யாரால் முடியும்? கட்டியது நாங்கள்தானே.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஜெனரேட்டரை நிறுத்துங்கள். சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீனோடு காட்டோரம் வீசாதீர்கள். சுற்றியுள்ள காட்டை 2015-இல் தேசியப் பூங்காவாக்கியிருக்கிறார்கள், யானை இருக்கிறது. நாங்கள் படுத்திருந்த இடம் காட்டோரம் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

யோசித்துப் பாருங்கள், அந்த மண்ணுக்கு மாதாவே வந்து குடியேறியவ. ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்ததுதான் மடுவின் கதை. 2008 சித்திரையில் சண்டை கிட்ட வந்தபோது திரும்பவும் தூக்கினார்கள், தேவன்பிட்டிக்கு. அந்த ஆவணிக்குத்தான் திரும்பி வந்தா. 2015 தையில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்றதும் அதே சொரூபத்துக்கு முன்னால்தான். முதல் முறை மாந்தைச் சனம் வந்தபோது மருதமடுக் காட்டில் யாரும் நான்கு மரத்தைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கவில்லை.

அடுத்த ஆவணிக்கும் நாங்கள் வருகிறோம். அம்மாதான் முதலில் கேட்டார், எப்போது வெளிக்கிடுவது என்று. பச்சைக் கூடாரத்தைத் தம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். காட்டோரம், பவுசருக்குத் தூரமான பக்கம். அந்தச் சிவப்பு வண்டிப் பெடியன் இதை வாசித்தால், இருட்டினாலும் பரவாயில்லை, வந்து கூப்பிடவும். தடியைப் பிடுங்கி உள்ளே நட இந்தக் கூடாரத்தில் வசதி இல்லை. அதனால் வானைக் கொஞ்சம் பின்னுக்கு எடுப்போம்.

இப்படிக்கு,
அடம்பன் பக்கத்தில் பிறந்து, மடுவில் வளர்ந்து, வவுனியாவில் இருக்கும் ஒருத்தி