மூடுவதற்கு முன்னால் பார்

கரூர்

அன்புள்ள கண்ணு,

பஸ் ஆலையில் உன்னை இன்ஸ்பெக்‌ஷனில் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். பாடி கட்டுவதில் ஒவ்வொரு வேலையும் முந்தின வேலையை மூடிவிடும். தகடு வெல்டிங்கை மூடும், உள்பலகை ஒயரிங்கை மூடும். அதனால் எதையும் மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடு.

கரூர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் வண்டி நிற்கும், வெல்டர், டிங்கர், பெயின்டர் என்று ஆட்கள் அதைத் தேடி வருவார்கள். 1913-ல் ஃபோர்டு ஹைலேண்ட் பார்க்கில் நகரும் லைன் போடும்வரை கார்களையும் இப்படித்தான் பூட்டினார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் வேலை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டும் வேலை, அதன்பின் 93 நிமிடத்துக்கு வந்தது.

லைன் ஓடினால் தப்பும் சேர்ந்தே ஓடும். டொயோட்டாவில் தப்பைக் கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். உங்களிடம் அந்த வசதி இருந்தால் தயங்காதே சாமி.

சேசிஸ் உள்ளே வந்ததும் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பரைப் பதிவு செய். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி கேபிள், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவின் கனெக்டர் மூன்றும் கழற்றியிருக்க வேண்டும். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப், வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். சேசிஸின் நீள சட்டத்தில், அதிலும் மேல் கீழ் விளிம்புகளில், வெல்டும் கூடாது, துளையும் கூடாது. சூடுபட்ட இடத்தில் இரும்பு பலம் இழக்கும், பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். குறுக்குச் சட்டங்களை யூ போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும்.

கூடு எழுந்ததும் ஜன்னல், கதவுச் சட்டம் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடு. இரண்டும் ஒத்துவராவிட்டால் குண்டும் குழியுமான ரோட்டில் கண்ணாடி விரியும். ஜிஐ டியூப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். கசடைத் தட்டி, கிரைண்ட் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே தகடு ஏறட்டும். அலுமினியத் தகடு இரும்பை நேராகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் டேப்போ சீலன்டோ வேண்டும்.

ஒயரிங்கில் அதிக நேரம் நில். ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலெல்லாம் அது உராயாமல் காக்கும் ரப்பர் வளையம், குரோமெட், இருக்கிறதா, சைலன்சரையும் டீசல் பைப்பையும் விட்டு விலகி ஓடுகிறதா என்று பார். அலங்கார விளக்குக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் ஃபியூஸ் இல்லாமல் ஒட்டு ஒயர் இழுத்திருந்தால் கையெழுத்துப் போடாதே. பஸ் தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டிமேல் தண்ணீர் பீய்ச்சிக் கசிவு பார்க்கும் ஷவர் டெஸ்ட்டை உள்பலகை அடிக்கும் முன்பே வைக்கச் சொல். கூரை இணைப்பிலும் முன் கண்ணாடி ஓரத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தால் கசிவு தெரியும். பலகை அடித்தபின் தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து வேறிடத்தில் சொட்டும், மூலம் பிடிபடாது.

சோதனை ஓட்டம் முடிந்து வந்த வண்டியில் யூ போல்ட் நட்டுகளை முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கச் சொல்லி, நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடச் சொல். அனுப்பும்போது கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த வண்டியை அனுப்பாதே.

அன்புடன்
அப்பா